குழுவைக் கேட்டுத்தான் சொல்லணும்

கேள்வி: மேடம், நான் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கணக்காளராக இருக்கிறேன். பி.காம். படித்திருக்கிறேன், கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் இல்லை. எங்களிடம் 14 மகளிர் குழுக்கள் இருக்கின்றன. ஒன்பது நாட்களுக்கு முன்பு ஓர் உறுப்பினருக்கு வாட்ஸ்அப்பில் ‘வட்டி மானியம்’ என்று ஒரு ஃபைல் வந்தது. திறந்தார். அன்று மாலைக்குள் கணக்கிலிருந்து 38,500 ரூபாய் போய்விட்டது. நான்கு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. தவணை கட்ட முடியாமல் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு மாதம் முன்பு எங்கள் ஊரில் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. அவரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்தான். எங்கள் குழுக்களில் பூ விற்பவர், டீக்கடை வைத்திருப்பவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர், பார்வையில்லாத ஓர் அக்கா என எல்லாரும் இருக்கிறார்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் சைபர் பாதுகாப்பை எப்படிச் சொல்லித் தருவது? என்னைப் போன்ற ஒருத்தியால் அது முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். என்னைவிட உங்களுக்குத்தான் அது நன்றாக வரும். ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். முதலில் அந்த 38,500 ரூபாயைப் பார்ப்போம்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் பேசினீர்களா என்று கடிதத்தில் இல்லை. பேசவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எந்தக் கணக்கில் அது நிற்கிறதோ அங்கே அதை முடக்கி வைக்கச் சொல்வதுதான் 1930-இன் முதல் வேலை. முதல் ஒரு மணி நேரத்தில் பேசியிருந்தால் வாய்ப்பு அதிகம். ஒன்பது நாள் ஆன பிறகு குறைவுதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் ஏதாவது ஒரு தொகை எங்கேயாவது முடங்கிக் கிடக்கலாம், அதைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. புகார் பதிவானதும் தரும் ஒப்புகை எண்ணைக் குழுவின் நோட்டிலேயே எழுதி வையுங்கள். உங்கள் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கும் நேரில் ஒருமுறை போய் வாருங்கள்.

அடுத்தது வங்கி. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியிலும் தவறு இல்லை, வாடிக்கையாளரிடமும் தவறு இல்லை, இடையில் வேறெங்கோ நடந்த தவறு என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் புகார் சொன்னவருக்கு எந்த இழப்பும் வரக்கூடாது என்கிறது அது. ஓடிபி, பின் போன்றவற்றைக் கொடுத்துவிட்ட கவனக்குறைவு வாடிக்கையாளருடையது என்றால், வங்கிக்குச் சொல்லும்வரை போனது அவர் பொறுப்பு. சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. உங்கள் உறுப்பினர் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை, ஃபைலாக வந்த செயலிதான் குறுஞ்செய்திகளைப் படித்திருக்கிறது என்றால், அதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். வங்கி மறுக்கப் பார்க்கும். ஆனால் எழுத்தில் கொடுத்து முத்திரையுடன் நகல் வாங்கி வைத்திருந்தால்தான் பின்னால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக முடியும்.

அந்தப் போனை அவர் இன்னமும் பயன்படுத்திக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஏபிகே என்று முடியும் அந்த மாதிரி ஃபைல் ஒரு செயலி. திறந்ததும் போனில் குடியேறி, வருகிற ஓடிபி எல்லாவற்றையும் அனுப்பியவனுக்குக் கடத்தும். போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள், சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள், வந்த செய்தியையும் அனுப்பிய எண்ணையும் இன்னொரு போனால் படம் எடுத்து வையுங்கள். பின் எண்களை வேறு போனிலிருந்து மாற்றச் சொல்லுங்கள். ஆதாரம் எடுத்த பிறகு, போட்டோக்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு, போனை முழுவதும் அழித்துப் புதிதாக அமைக்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அவர் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கிய வரி அதுதான். சைபர் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் இந்த வேலைக்கு வருமுன் ஒரு வங்கியின் மோசடிப் புகார்ப் பிரிவில் இருந்தேன். நான் போனில் பேசியவர்களில் மிகப் பலர் பணம் போன மறுநாளோ அதற்கும் பிறகோதான் அழைத்தார்கள். ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டால் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வரும்: “வீட்ல என்ன சொல்வாங்களோன்னு பயம்.” பணம் முடக்கக்கூடிய தூரத்தில் இருந்த அந்த இரவு முழுவதும் அவர்கள் தனியாக அழுதுகொண்டிருந்தார்கள். இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் ஆறவில்லை. திருடனுக்குத் தேவையான நேரத்தை நம் வீட்டு வசவு வாங்கிக் கொடுக்கிறது.

அதனால் உங்கள் முதல் பாடத்தில் போனே வேண்டாம். தீர்மான நோட்டை எடுங்கள். “பணத்தை ஏமாந்து இழந்த உறுப்பினரை இந்தக் குழுவில் யாரும் திட்டவோ கேலி பேசவோ கூடாது. அவர் எந்த நேரத்தில் சொன்னாலும் ஊக்குநரோ பிரதிநிதியோ அவருடன் உட்கார்ந்து 1930-க்குப் பேச வேண்டும்” என்று ஒரு தீர்மானம் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கைநாட்டு வைப்பவர்கள் கைநாட்டு வைக்கட்டும். 14 குழுக்களிலும் எழுதுங்கள். பணத்தை இழந்த அந்தச் சகோதரியைக் கூட்டத்தில் நிறுத்தி “எப்படி ஏமாந்தீங்க, சொல்லுங்க” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவராக ஒருநாள் சொல்ல முன்வந்தால் அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார். ஆனால் அது அவராக எடுக்க வேண்டிய முடிவு.

விழிப்புணர்வுக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர் எப்படி ஏமாந்தார் என்பது உங்களுக்குப் புதிராக இருக்கிறது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. என்னுடைய முதல் கிராமத்து வகுப்பில் நானும் அப்படித்தான் பாடம் நடத்தினேன். ஊராட்சி அலுவலகக் கட்டடத்தில் திரை கட்டி, 12 எழுத்துள்ள கடவுச்சொல் எப்படி அமைப்பது என்று ஒரு மணி நேரம் பேசினேன். வந்திருந்த 40 பெண்களில் கடவுச்சொல் என்ற ஒன்றைத் தானாகத் தட்டச்சு செய்தவர்கள் நான்கைந்து பேர்தான். மற்றவர்களுக்குப் போனை வாங்கிக் கொடுத்ததும் மகன், அதில் கணக்கைத் திறந்து கொடுத்ததும் மகன். முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். வெளியே வரும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்து, “பணம் வர்றதுக்கு எந்த நம்பரை அமுக்கணும்மா?” என்று கேட்டார். அவருக்குத் தேவையான ஒரே பாடம் அந்தக் கேள்வியில் இருந்தது. அதை நான் நடத்தவே இல்லை.

பணம் வருவதற்கு எந்த எண்ணையும் அமுக்க வேண்டாம். யுபிஐ 2016-இல் வந்தது. அன்று முதல் இன்றுவரை பணம் கைமாறும்போது பின் எண் கேட்பது பணம் கொடுப்பவரிடம் மட்டும்தான். இதை நூறு முறை சொல்வதைவிட ஒருமுறை செய்து பார்ப்பது மேல். கூட்டத்தில் இரண்டு இரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் மற்றவருக்கு ஒரு ரூபாய் அனுப்பட்டும். யார் பின் போட்டார்கள், யார் சும்மா இருந்தார்கள் என்று கேளுங்கள். பிறகு மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தபோது பணம் உள்ளே வந்ததா, வெளியே போனதா? விரல் ஒருமுறை செய்ததை மறக்காது. ‘உங்களுக்கு 5,000 ரூபாய் அனுப்புகிறேன், இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்கள்’ என்று எவனாவது சொல்லும்போது அந்த ஒரு ரூபாய் நினைவுக்கு வரும்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததைப் பற்றி உங்கள் ஊர் மூத்த ஆசிரியர்களைக் கேளுங்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம் அது. எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரியில் உடைப்பவர்களும் வயலில் நடவு செய்பவர்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். சைக்கிள் பற்றிச் சொற்பொழிவு கேட்டு யாரும் அதைக் கற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். உங்களால் முடியும் என்று முதல் வரியிலேயே நான் சொன்னதற்கு இதுதான் காரணம். நான் ஒருநாள் வந்து பேசிவிட்டுப் போய்விடுவேன். நீங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பாதுகாப்பில் மிக முக்கியமான பழக்கம் உங்கள் உறுப்பினர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. குழுக் கணக்கிலிருந்து ஒருவர் கையெழுத்தில் மட்டும் பணம் எடுக்க முடியுமா? முடியாது. உள்கடன் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் என்ன செய்கிறீர்கள்? கூட்டத்தில் வைத்து, பேசி, தீர்மானம் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் காசு நகர்கிறது. பெரிய வங்கிகள் பணத்தைக் காப்பதும் இதே முறையில்தான்: ஒருவர் போடுவதை இன்னொருவர் சரிபார்க்காமல் எதுவும் போகாது. குழுப் பணத்துக்கு இந்த ஒழுங்கை வைத்திருக்கும் பெண், தன் சொந்தப் பணத்துக்குத் தனியாக, அவசரத்தில், முகம் தெரியாதவன் சொன்னதைக் கேட்டு முடிவெடுக்கிறாள். நோட்டில் இருக்கும் ஒழுங்கைப் போனுக்குக் கொண்டுபோவதுதான் உங்கள் வேலை. அதற்கு ஒரே ஒரு வாசகம் போதும்: “குழுவைக் கேட்டுத்தான் சொல்லணும்.” யார் அழைத்தாலும், எதைச் சொன்னாலும், பணம் என்ற பேச்சு வந்ததும் இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும். பிறகு உண்மையிலேயே ஒரு குழுத் தோழிக்குப் போன் செய்ய வேண்டும்.

இந்த வாசகம் வாயில் வருவதற்கு ஒத்திகை வேண்டும். இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று நினைக்கிறேன். குழுவில் குரல் கணீரென்று இருப்பவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரை மோசடிக்காரராக நடிக்க விடுங்கள். மற்றவர்களில் ஒருவர் போனை எடுக்கட்டும். முதலில் சின்ன நாடகம்: “ஈபி ஆபீஸ்லேர்ந்து பேசறோம். போன மாசம் பில் அப்டேட் ஆகல. ராத்திரி 9.30-க்கு லைன் கட் ஆயிடும். நான் அனுப்பற லிங்க்ல பத்து ரூபா கட்டுங்க.” பத்து ரூபாய்தானே என்று தோன்றும், வீட்டில் குழந்தை படிக்க வேண்டும் என்றும் தோன்றும். நடிப்பவர் அவசரப்படுத்தட்டும், குரலை உயர்த்தட்டும், “உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்” என்று குழையட்டும். எடுத்தவர் அந்த வாசகத்தைச் சொல்லி வைக்கும்வரை விடக்கூடாது.

அடுத்த கூட்டத்தில் பெரிய நாடகம்: மும்பை போலீஸ், சிபிஐ, கஸ்டம்ஸ். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள், உங்கள் ஆதாரில் எடுத்த சிம்மில் குற்றம், வீடியோ காலில் காக்கிச் சட்டை, பின்னால் ஸ்டேஷன் மாதிரி ஓர் அறை. ‘உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக்கூடாது.’ நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைப் பற்றி எச்சரித்தார். ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மருத்துவர்களும்கூட இதில் வாழ்நாள் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் சட்டம் தெரியாமலா போனது? பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் ஒதுங்கி நின்றுவிடும். அந்தப் பயத்தை, பக்கத்தில் தோழிகள் சிரித்துக்கொண்டிருக்கும் பாதுகாப்பான இடத்தில் ஒருமுறை சந்தித்துவிட்டால், நிஜத்தில் வரும்போது அது பழைய முகமாக இருக்கும். “யாரிடமும் சொல்லாதே” என்று ஒருவன் சொன்னால் அவன் திருடன் என்பதை மட்டும் இந்த நாடகத்தின் முடிவில் சத்தமாகச் சொல்ல வையுங்கள்.

எல்லாருக்கும் ஒரே பாடம் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் பணம் எந்த வாசல் வழியாக வருகிறதோ திருடனும் அந்த வாசலில்தான் நிற்பான். பூ விற்பவருக்கும் டீக்கடை அம்மாவுக்கும் லிங்க் பற்றிய பேச்சு அவ்வளவாகத் தேவையில்லை. பணம் அனுப்பியதாகக் காட்டும் போலித் திரையும், கடையில் ஒட்டிய க்யூஆர் மேல் வேறொன்றை ஒட்டிவிட்டுப் போவதும்தான் அவர்கள் கவலை. ஸ்பீக்கர் பெட்டி சொன்னால் மட்டும் பொருள் கொடுங்கள், காலையில் கடை திறந்ததும் உங்கள் க்யூஆருக்கு நீங்களே ஒரு ரூபாய் போட்டுப் பாருங்கள் என்றால் போதும். கைரேகை வைத்துக் கூலிப் பணம் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் ரசீது கேட்க வேண்டும். ‘ரேகை விழலை, இன்னொரு தடவை வைங்க’ என்று சொன்னால் பணம் இரண்டு முறை போயிருக்கிறதா என்று பாஸ்புக்கில் பார்க்க வேண்டும். ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். ஆதார் உதவி எண்ணான 1947-க்குப் பேசி விவரம் கேட்கலாம்.

கல்லூரிப் பிள்ளைகள் உள்ள அம்மாக்களிடம் வேறொன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கடுமையாகிவிடும். “உன் பேங்க் அக்கவுன்ட்டை மட்டும் கொடு, மாசம் ஐயாயிரம் தர்றேன்” என்று கேட்பவனிடம் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் பிள்ளைகள் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் உறுப்பினரின் 38,500 ரூபாய் போய் இறங்கியதும் அப்படிப்பட்ட ஒரு கணக்கில்தான் இருக்கும். போலீஸ் முதலில் தேடி வருவது அந்தப் பையனை. கம்போடியா, மியான்மர், லாவோஸில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப் போய், காவல் போட்ட கட்டடங்களில் அடைத்து, இதே மோசடி அழைப்புகளைச் செய்ய வைத்த கதைகளில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஏமாறாமல் இருப்பதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, ஏமாற்றும் சங்கிலியில் நம் வீட்டுப் பிள்ளை ஒரு கண்ணியாகாமல் இருப்பதைப் பேசாமல் விட்டால் பாடம் பாதிதான்.

படிக்கத் தெரியாதவர்களைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். பஸ் நம்பரும் ரூபாய் நோட்டும் அவர்களுக்குத் தெரியும். அதனால் 1930-ஐ நான்கு எண்களாகச் சொல்லித் தரலாம். போனில் ‘திருட்டு’ என்று பேர் வைத்து ஒரு படத்தோடு சேமித்துக் கொடுங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் சாரத்தையும் இரண்டு நிமிடக் குரல் பதிவாக உங்கள் குரலிலேயே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். நீளமான எழுத்துச் செய்திகளை, அதிலும் யாரோ அனுப்பியதை மறுபடி அனுப்புவதை, தயவுசெய்து நிறுத்துங்கள். உண்மையும் வதந்தியும் அங்கே ஒரே உடையில் வரும்.

பார்வையில்லாத அந்த அக்காவுக்கு என்ன சொல்வது என்று நீங்கள் முடிவு செய்யும் முன் அவரிடமே உட்கார்ந்து கேளுங்கள். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற வாசிப்பான் இருக்கிறது. அது ஓடிபியையும் சத்தமாகவே படிக்கும். அதனால் பஸ்ஸிலும் கடையிலும் இயர்போன் அவருக்கு அவசியம். திரையை மறைத்து வைத்துவிட்டுப் போனைப் பயன்படுத்தும் வசதியும் அதிலேயே இருக்கிறது. ஆனால் பிரச்சினை அவரிடம் மட்டும் இல்லை. படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடி என்று கேட்கும் செயலிகள் அவரைப் பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுக்கும்படி தள்ளுகின்றன. பிறகு நாமே வந்து ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று பாடம் நடத்துகிறோம். இது நியாயமில்லை. டிஜிட்டல் வசதிகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. செயலிகள் மாறும்வரை அவருக்கு ‘யாரிடமும்’ என்ற விதி உதவாது. உதவிக்கு நம்பகமான இரண்டு பேர் யார் என்பதை அவரே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளட்டும். வயதானவர்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

போலீஸ், வங்கி அதிகாரிகளை அழைப்பது நல்லதுதான், ஆனால் மூன்றாவது நான்காவது கூட்டத்துக்குப் பிறகு அழையுங்கள். அதற்குள் உறுப்பினர்களிடம் சொந்தக் கேள்விகள் சேர்ந்திருக்கும். வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பேச்சு பத்து நிமிடம், மீதி நேரம் கேள்விக்கு.

தனியாக ஒரு நாள் ஒதுக்கி விழா மாதிரி நடத்த வேண்டாம். சந்தா வசூலித்து முடிந்ததும் 20 நிமிடம், மாதம் இரண்டு முறை. முதல் கூட்டத்தில் தீர்மானம், இரண்டாவதில் ஒரு ரூபாய், மூன்றாவதில் ஈபி நாடகம். நாடகத்தில் மோசடிக்காரராக நடிப்பவரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். அந்தப் பக்கம் நின்று பேசிப் பார்த்தவருக்குத்தான் அவர்களுடைய உத்தி நன்றாகப் புரியும். மூன்றாவது கூட்டம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்த இடத்தில் உறுப்பினர்கள் முழித்தார்கள், எந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்பதை அப்படியே எழுதுங்கள். அந்தச் சகோதரியின் புகாருக்கு ஒப்புகை எண் கிடைத்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.